போக்சோ ட்ரெயினிங்: காலைல சூப்பர், மத்தியானம் தூக்கம்

எங்க ட்யூஷன் சென்டர்ல இருந்து ஒரு நாள் போக்சோ (பிள்ளைங்கள பாலியல் கொடுமைல இருந்து காப்பாத்துற சட்டம்) ட்ரெயினிங் போய்ட்டு வந்தோம், தனியார் கம்பெனி நடத்துறது, பேரு வேணாம். தலைக்கு 900 ரூபா, சாப்பாடு சர்டிஃபிகேட்லாம் சேர்த்து. குடுத்த காசு காலை செஷனுக்கே சரியாப் போச்சு, மத்தியானத்த பத்தி பிறகு சொல்றேன்.

காலைல எடுத்தது ஒரு வக்கீல் மேடம். ஸ்லைடு கிலைடு எதுவும் இல்ல, நேரா 19வது பிரிவுக்கு வந்துட்டாங்க. 18 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைக்கு பாலியல் கொடுமை நடந்தது தெரிஞ்சாலும் சரி, நடந்துருமோன்னு பயம் இருந்தாலும் சரி, லோக்கல் ஸ்டேஷன்லயோ சிறார் போலீஸ் பிரிவுலயோ சொல்லியே ஆகணும், ஆதாரம் தேடி அலையுறது நம்ம வேலை இல்ல. உடனே ஒரு சார் எந்திரிச்சு "அது இல்லன்னு ஆயிட்டா நம்மள உள்ள தள்ளிருவாங்களே மேடம்"னாரு, பாதி ஹால் மனசுல இருந்ததும் அதான். நல்லெண்ணத்துல தகவல் சொன்னவங்க மேல கேஸ் நிக்காதுன்னு அதே பிரிவுலயே கடைசில எழுதியிருக்கு, வேணும்னே ஒருத்தர மாட்டிவிட பொய் சொன்னா தான் தண்டனைன்னு படிச்சே காட்டுனாங்க. குடுக்குற தகவல எழுதி, நம்பர் போட்டு, நமக்கு வாசிச்சும் காட்டணுமாம் போலீஸ், இதெல்லாம் யாருக்குங்க தெரியும்.

சொல்லாம விட்டா 6 மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல அபராதம், ரெண்டுமே கூட போடலாம். நிறுவனத்துக்கு பொறுப்பா இருக்கவர், தனக்கு கீழ வேலை பாக்குறவர் பண்ணத சொல்லாம விட்டா 1 வருஷம் வரை. அவருக்கு தான் தண்டனை ஜாஸ்தி, ஆனா ஹால் முழுக்க மிஸ்ஸுங்க தான், ஒரு கரஸ்பாண்டன்ட் கூட வரல! "ஹெச்.எம்.கிட்ட சொல்லிட்டேன், என் கடமை முடிஞ்சிது"ன்னு நினைக்கிறதும் தப்பாம். மகாராஷ்டிரால ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கு வைத்தியம் பாத்த டாக்டர் தகவல் சொல்லலன்னு போட்ட கேஸ ஹைகோர்ட் ரத்து பண்ணிடுச்சு, 2022ல சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லி கேஸ நடத்த விட்டுச்சு, அத அவங்க சொன்னப்ப ஹால்ல சத்தமே இல்ல.

எனக்கு ரொம்ப பிடிச்சது நடிச்சு பாத்தது தான். ஒரு மிஸ் பிள்ளையா உக்காந்து "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு ப்ராமிஸ் பண்ணுங்க மிஸ்"னு கேக்க, எதிர்ல இருந்தவங்க படக்குனு "சத்தியமா சொல்ல மாட்டேன்டா"ன்னுட்டாங்க. மேடம் அங்கயே நிறுத்திட்டாங்க. அந்த சத்தியத்த சட்டப்படி உங்களால காப்பாத்த முடியாது, அப்புறம் பிள்ளை உங்களையும் நம்பாது, அதனால "நீ சொன்னது நல்லதும்மா, உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் நான் சொல்லணும்"னு சொல்லுங்க, துருவித் துருவி கேக்காதீங்கன்னாங்க. போலீஸ் யூனிஃபார்ம் இல்லாம, பிள்ளை வீட்டுக்கோ அது சொல்ற இடத்துக்கோ வந்து தான் வாக்குமூலம் எடுக்கணும்ங்கறதையும் பிள்ளைகிட்ட முன்னாடியே சொல்லி வைக்கலாமாம்.

மத்தியானம் வேற ஆளு. ஸ்லைட அப்படியே வாசிச்சாரு, சாம்பார் சாதம் வேற, கேக்கணுமா. வீட்ல அடிக்கிறது, பட்டினி போடுறது, கவனிக்காம விடுறது எல்லாம் போக்சோல வராது, 2015 சிறார் நீதிச் சட்டத்துல தான் வரும், அத ஒரே ஸ்லைடுல தாண்டிட்டாரு. எங்களுக்கு நிஜமா அடிக்கடி கண்ல படுறதே அது தான்! பிள்ளைங்களுக்கான ஹெல்ப்லைன் 1098 நம்பர மட்டும் காட்டிட்டு, கூப்பிட்டா என்ன கேப்பாங்க, அடுத்து என்ன நடக்கும்னு ஒண்ணும் சொல்லல. கடைசில மொபைல்ல க்விஸ், கண்ண மூடிட்டு தட்டுனாலும் பாஸ்.

வேன் டிரைவர், ஆயாம்மாவுக்கெல்லாம் தனி பேட்ச் இருக்கான்னு கேட்டேன், இல்லையாம். சட்டத்துல டீச்சர் மட்டும்னு எங்கயும் போடல, யாரா இருந்தாலும்னு தான் இருக்கு, இத அவங்க யோசிக்கணும்.

5க்கு 3 ஸ்டார், மூணுமே அந்த மேடத்துக்கு. புக் பண்றப்ப அவங்க வர்ற தேதியா கேட்டு வாங்குங்க, முடிஞ்சா உங்க கரஸ்பாண்டன்ட்டையும் இழுத்துட்டு போங்க, பத்து பேருக்கு மேல போனா ரேட்டு குறைக்கிறாங்க.