பொட்டேகா வெனெட்டா ஸ்ப்ரிங் சம்மர் 2026: லூயிஸ் ட்ராட்டரோட முதல் கலெக்‌ஷன், பையும் துணியும்

2026 ஸ்ப்ரிங் சம்மர் சீசன்ல யாரோட பை பெஸ்ட்னு கேட்டா என் பதில் இத்தாலிய தோல் பை ஃபேஷன் ஹவுஸ் பொட்டேகா வெனெட்டா தான், ரெண்டாவது பேச்சே இல்ல. 2025 செப்டம்பர் அக்டோபர்ல மிலன்லயும் பாரிஸ்லயும் புது டிசைனர்ஸ் வரிசையா வந்தாங்க, ஷனெல்ல மாத்தியூ ப்ளேஸி, டியோர் பெண்கள் லைன்ல ஜோனதன் ஆண்டர்சன், பலென்சியாகால பியர்பாவ்லோ பிச்சோலி, குச்சி (Gucci) பிராண்ட்ல டெம்னா, எல்லாருக்கும் அந்தந்த ஹவுஸ்ல அது தான் முதல் கலெக்‌ஷன், அதனால பேச்சு முழுக்க யார் ஜெயிச்சாங்க யார் சொதப்பினாங்கன்னே ஓடிட்டு இருந்துச்சு. அதுக்கு நடுவுல செப்டம்பர் 27-ம் தேதி மிலன்ல புது டிசைன் தலைவி லூயிஸ் ட்ராட்டர் பொட்டேகாவுக்காக காட்டினது பத்தி தமிழ்ல யாரும் விலாவாரியா எழுதி நான் பாக்கல, அதான் நானே உக்காந்துட்டேன். ஷோ வீடியோவ நிறுத்தி நிறுத்தி பாத்தேன், அப்புறம் சரக்கு கடைக்கு வந்ததும் சிங்கப்பூர் மெரினா பே சாண்ட்ஸ்ல இருக்கற கடைக்கு போய் கையில எடுத்தும் பாத்தேன், ஏன்னா பொட்டேகா பைய போட்டோ பாத்து மட்டும் எடை போடவே முடியாது.

முதல்ல ட்ராட்டர் யாருன்னு தெரியாதவங்களுக்கு. இங்கிலாந்துல சண்டர்லாந்துக்காரங்க, ஜோசஃப்ங்கற பிராண்ட்ல பல வருஷம், அப்புறம் லாகோஸ்ட் (அங்க டிசைன் தலைமைக்கு வந்த முதல் பெண் இவங்க தான்), அப்புறம் கார்வென். அதுவரை பொட்டேகால இருந்த ப்ளேஸி ஷனெலுக்கு போறார்னு 2024 டிசம்பர்ல அறிவிச்ச அதே சமயத்துல இவங்க பேரையும் பொட்டேகா சொல்லிடுச்சு. பெண்களுக்கான துணி செய்யற பெரிய ஹவுஸ்கள்ல டிசைன் தலைமையில பெண்கள் ரொம்ப கம்மிங்கற நிலைமையில இவங்க வந்தது எனக்கு ரொம்ப சந்தோஷம், அத மறைக்கப் போறதில்ல. ஆனா சந்தோஷத்துக்காக மார்க் போடல, பைக்காக தான் போடறேன்.

இந்த ஹவுஸ் பத்தி கொஞ்சம் சொன்னா தான் கலெக்‌ஷன் புரியும். 1966-ல இத்தாலியோட விசென்சா ஊர்ல ஆரம்பிச்ச தோல் பட்டறை இது. இவங்களுக்கு அடையாளம்னா லோகோ கிடையாது, பின்னல் தான், இன்ட்ரெச்சாத்தோன்னு பேரு, தோல மெல்லிசு பட்டையா வெட்டி குறுக்கும் நெடுக்கும் கோக்கறது. எழுபதுகள்ல இது பிறந்த கதையும் வேடிக்கையா அழகா இருக்கும்: அந்த ஊர்ல இருந்த தையல் மிஷின் எல்லாம் துணி தைக்கற மிஷின், தடிமனான தோல் அதுல போகாது, அதனால துணி மாதிரி மெல்லிசா இருக்கற நாப்பா தோல எடுத்தாங்க, ஆனா மெல்லிசு தோல் பையா நிக்காது, தொங்கிடும், சீக்கிரம் கிழியும், அத பலமாக்க பின்னினாங்க. நம்ம வீட்டு ஒயர் கூடைய நெனச்சுக்கோங்க, தனி ஒயர பிடிச்சு இழுத்தா ஒண்ணுமில்ல, பின்னிட்டா அஞ்சு கிலோ காய்கறி தாங்கும், அதே லாஜிக் தான். உங்க இனிஷியலே போதும், எங்க இனிஷியல் எதுக்குங்கற அர்த்தத்துல ரொம்ப காலம் விளம்பரம் பண்ணின கம்பெனி, இன்னைக்கு வரைக்கும் பை வெளிப்பக்கம் பேர் போட மாட்டாங்க, அது எனக்கு இவங்க மேல இருக்கற மரியாதைக்கு பாதி காரணம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். முன்னாடி இருந்த ப்ளேஸி என்ன பண்ணினாருன்னா தோல மத்த பொருளா மாத்தி காட்டினார். 2022 பிப்ரவரில அவரோட முதல் ஷோல முதல் பொண்ணு வெள்ளை பனியனும் ஜீன்ஸும் போட்டு நடந்து வந்தா, கிட்ட போய் பாத்தா ஜீன்ஸ் இல்ல, ஜீன்ஸ் மாதிரி பிரிண்ட் பண்ணின நூபக், அதாவது மேல்பக்கம் தேச்சு மெத்துன்னு ஆக்கின தோல். பெரிய வித்தை தான், நானும் அசந்து போனவ தான். ஆனா அந்த மாதிரி துணியில கண்ண ஏமாத்தறது தான் முதல் வேலையா இருக்கும், தோலுங்கற பொருள் தன் முகத்தையே காட்டாது. ட்ராட்டர் அத அப்படியே திருப்பிப் போட்டுட்டாங்க. இவங்க கலெக்‌ஷன்ல தோல் தோலாவே இருக்கு. மடிஞ்சா மடிப்பு தெரியுது, தொங்கினா எடை தெரியுது, பட்டையோட ஓரம் தெரியுது. பட்டை அகலத்தையே பழைய காலத்து 9 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டருக்கு கொண்டு வந்துட்டாங்க. ப்ளேஸிக்கு முன்னாடி டேனியல் லீ டிசைனரா இருந்த 2018-21 காலத்துல பட்டைய ஊதி பெருசாக்கி கசெட் மாதிரி பை எல்லாம் வந்துச்சு இல்லையா, அது தூரத்துல இருந்தே கத்தும், போட்டோல சூப்பரா இருக்கும். 9 மில்லிமீட்டர் கத்தாது. பக்கத்துல வந்தா தான் தெரியும். என் ஓட்டு சின்னதுக்கு தான், எப்பவும்.

பைகள்ல முதல்ல லாரன். 1980-ல வந்த ஒரு ஹாலிவுட் படத்துல நடிகை லாரன் ஹட்டன் கக்கத்துல இடுக்கிட்டு நடந்த சிவப்பு க்ளட்ச் (தோள் வார் இல்லாத சின்ன பை), அதனால தான் அந்த பேரே ஒட்டிக்கிச்சு, 2016-ல ஐம்பதாவது வருஷ ஷோவுக்கு அவங்களே மாடல் ஜிஜி ஹடிட் கைய கோத்துட்டு அதே பையோட நடந்து வந்தாங்க, பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ட்ராட்டர் அந்த லாரன இந்த கலெக்‌ஷனுக்கு திரும்ப கூட்டிட்டு வந்திருக்காங்க. கக்கத்துல வச்சு கடைக்குள்ள நாலு நடை நடந்து பாத்தேன். கெட்டி க்ளட்ச்னா விலா எலும்புல இடிக்கும், கை எப்பவும் இறுக்கமா பிடிச்சுக்கிட்டே இருக்கணும், அரை மணி நேரத்துல தோள் வலிக்கும். இது உடம்போட வளைவுக்கு தானா அமுங்கி உக்காந்துடுது, கையில இறுக்கமே வரல. பார்ட்டிக்கு மட்டும்னு இல்லாம ஆபீஸ் முடிச்சு அப்படியே டின்னர் போறவங்களுக்கு இது சரியான பை. ஒரே குறை, லேப்டாப் விடுங்க, ஒரு சின்ன தண்ணி பாட்டில் கூட இதுல வைக்கிற யோசனை வேண்டாம், பை ஷேப்பே போயிடும்.

அடுத்த பை நாட், அது பத்தி எனக்கு கலவையான எண்ணம். டிசைனர் டோமாஸ் மையர் 2001-ல தலைமைக்கு வந்து ஹவுஸ தூக்கி நிறுத்தின காலத்துல இருந்து நாட் தான் இவங்களோட ஈவினிங் பை, கெட்டி பொட்டி, மேல முடிச்சு போட்ட மாதிரி ஒரு கொக்கி. ட்ராட்டர் அத இளக்கி மெத்துமெத்துன்னு ஆக்கிட்டாங்க. யோசனை நல்லா இருக்கு, கலெக்‌ஷனோட மனசுக்கும் பொருந்துது, ஆனா நாட்டோட அழகே அந்த கெட்டித்தனம் தான்னு நெனைக்கறவ நான், டேபிள் மேல வச்சா ஒரு கல் மாதிரி நிக்கும், அது இதுல இல்ல. பழைய நாட் வச்சிருக்கவங்க அத கொடுத்துட்டு இதுக்கு மாறாதீங்க.

கபாட் தான் நான் ரொம்ப நேரம் கையில வச்சிருந்த பை. இதுவும் மையர் காலத்து பை. சாதாரண இன்ட்ரெச்சாத்தோ பைல அடியில ஒரு தோல் இருக்கும், அதுல சாய்வா கீறல் போட்டு, அந்த கீறல் வழியா பட்டைய கோத்துட்டு போவாங்க. கபாட்ல அந்த அடித் தோலே கிடையாது. ரெண்டு தோல முதுகோட முதுகு ஒட்டி, பட்டையா வெட்டி, மர அச்சு மேல வச்சு வெறும் பின்னலாவே மேல எழுப்பறாங்க, ரெண்டு பேர் சேர்ந்து செஞ்சாலும் ஒரு பைக்கு ரெண்டு நாள் ஆகும். லைனிங் கிடையாது. அதனால உள்ள பாத்தாலும் வெளிய மாதிரியே தான் இருக்கும். நான் உள்ள கைய விட்டு அடி மூலைய விரலால தடவிப் பாத்தேன், பை செய்யறவங்க தப்பு பண்ணா ஒளிக்கற இடம் எப்பவும் அந்த மூலை தான். கீழ இருந்து வர்ற பட்டை ஒவ்வொண்ணும் மூலைல திரும்பி பக்கவாட்டுக்கு ஏறுது, ஒரு தையல் கூட கையில தட்டுப்படல, ஒரு பட்டை மேலயும் புடைச்சுட்டு நிக்கல, விரல் நுனில மேடும் பள்ளமும் ஒரே அளவுல வந்துட்டே இருந்துச்சு. ஆம்பூர் வாணியம்பாடி பக்கம் தோல் வேலை தெரிஞ்சவங்க வீட்ல இருந்தா இந்த மூலைய மட்டும் காட்டுங்க, மீதிய அவங்களே சொல்லுவாங்க. ட்ராட்டர் இந்த கபாட்டயும் அப்படியே நகல் எடுக்கல, மியூசியம் பொருளா வைக்காம புது உருவம் கொடுத்திருக்காங்க.

இனி துணி. தோள்ல போர்த்தற ஒரு நீள கேப் வந்துச்சு ஷோல, முழுக்க தோல் பின்னல், தரை வரைக்கும், அத செய்ய 4,000 மணி நேரம் ஆச்சாம். கடைல அத பாக்கவும் முடியாது, வாங்கறதுக்கும் அது வந்த துணி இல்ல, ஆனாலும் எனக்கு அது தேவையில்லாத ஆடம்பரமா படல. ஏன்னா அதே கை வேலையோட சின்ன துண்டு சட்டைக் காலர்லயும் கோட் ஓரத்துலயும் வருது, பைல இருக்கற பட்டை நழுவி துணிக்குள்ள போன மாதிரி. அந்த கேப் நடக்கும்போது அசையற விதத்த பாருங்க, தோல் போர்வைன்னா பலகை மாதிரி நிக்கணும், இது துணி மாதிரி கால சுத்தி ஓடுது.

கோட்டுகள்ல தோள் பெருசு, இடுப்பு தளர்வு, பேன்ட் அகலம். உயரம் கம்மியா இருக்கவங்க யோசிச்சு வாங்குங்க, ஐந்தடி ரெண்டு அங்குலம் இருக்கற எனக்கு அந்த டபுள் ப்ரெஸ்டட் (ரெண்டு வரிசை பட்டன்) கோட் கழுத்துல இருந்து முட்டி வரைக்கும் சதுரமா நின்னுச்சு. ஆனா பாக்கெட் எல்லாம் நிஜ பாக்கெட், கைய விட்டா மணிக்கட்டு வரைக்கும் போகுது, போன் வச்சா கீழ இழுக்கல, பெண்கள் துணில இத சொல்லி பாராட்ட வேண்டி இருக்கறதே அநியாயம் தான், ஆனா சொல்லித்தான் ஆகணும், ஏன்னா லட்சக்கணக்குல விலை வச்சுட்டு பாக்கெட்ட தைச்சு மூடி விக்கற பிராண்டுகளும் இருக்கு. துணி எடையும் கவனிச்சு வச்சிருக்காங்க. கோட்ட மாட்டினதும் எடை தோள்பட்டை முனைல தொங்காம கழுத்து பக்கம் உக்காருது, அதனால நேரம் ஆக ஆக கனக்கல.

எல்லாரும் ஷேர் பண்ணின துணி அந்த ஃபைபர் க்ளாஸ் ஸ்வெட்டரும் ஸ்கர்ட்டும். மறுசுழற்சி பண்ணின கண்ணாடி இழை, கூந்தல் மாதிரி தொங்கும், ஆரஞ்சு சிவப்புன்னு பளபளன்னு, நடந்தா மொத்த உடம்பும் மின்னுது. வீடியோல பாக்கும்போது எனக்கு மூச்சே நின்னுச்சு. உக்கார வந்தவங்களுக்கு வெனிஸ் பக்கத்து முரானோ தீவோட கண்ணாடிக் கட்டிகளையே ஸ்டூலா போட்டிருந்தாங்க, சினிமா டைரக்டர் ஸ்டீவ் மெக்வீன் நினா சிமோன் குரலையும் டேவிட் பொவி குரலையும் சேர்த்து ஒரே பாட்டா இசையமைச்சிருந்தாரு, அந்த சூழ்நிலைல இந்த ஸ்வெட்டர் வந்தது நிஜமாவே தனி அனுபவம். ஆனா ரிவ்யூன்னு எழுதும்போது நேர்மையா சொல்லணும்: இத போட்டுட்டு கார் சீட்ல எப்படி உக்காருவீங்க, சீட் பெல்ட் எப்படி போடுவீங்க, நம்ம வெயிலுக்கும் வேர்வைக்கும் என்ன ஆகும். மத்த துணில எல்லாம் போடறவங்க உடம்ப இவ்வளவு யோசிச்ச ட்ராட்டர் இதுல பாக்கறவங்க கண்ண மட்டும் யோசிச்சுட்டாங்கன்னு தோணுது.

விலை? பெரிய தோல் பைன்னு போனா இந்திய ரூபாய்ல லட்சங்கள்ல தான் பேசணும், கபாட் இன்னும் மேல. இவ்வளவு கொடுக்கலாமா கூடாதாங்கறது உங்க உங்க வீட்டு கணக்கு. ஆனா வாங்கறதா முடிவு பண்ணிட்டவங்க ஒரு விஷயத்த விட்டுடாதீங்க. 2022-ல இருந்து பொட்டேகா பைக்கு கூடவே ஒரு சர்டிஃபிகேட் தர்றாங்க, அத வச்சு பைக்கு வாழ்நாள் முழுக்க ரிப்பேரும் புதுப்பிக்கற வேலையும் கேக்கலாம். பின்னல் பைக்கு இது ரொம்ப முக்கியம், ஒரு பட்டை அறுந்தா பக்கத்து தெரு பை ரிப்பேர் கடைல கொடுக்க முடியாது, பசை போட்டு ஒட்டிடுவாங்க, அந்த இடம் அப்புறம் வளையவே வளையாது. சர்டிஃபிகேட்ட பில்லோட சேர்த்து பத்திரமா வைங்க.

கலர்ல முடிஞ்சா அடர் கலரா எடுங்க, ப்ரவுன், கருப்பு, வைன் சிவப்பு மாதிரி. நாப்பா ஆட்டுத்தோல் நகக்கீறல உடனே காட்டும், வெளிர் கலர்ல ஜீன்ஸ் சாயம் ஏறிடும், பின்னல் இடுக்குல ஏறின சாயம் போகவே போகாது. மழைல நனைஞ்சா ஹேர் ட்ரையர் வைக்காதீங்க, உள்ள வெள்ளை பேப்பர் அடைச்சு நிழல்ல காய விடுங்க, நியூஸ் பேப்பர் வேண்டாம், மை ஒட்டும். கடைல சேல்ஸ்ல இருக்கவங்க முதல்ல டிஸ்ப்ளேல இருக்கறத தான் எடுத்து நீட்டுவாங்க, நீங்க அதே பைல ரெண்டு பீஸ் கேட்டு பக்கத்துல வச்சு பாருங்க, கைல பின்னினதால ஒண்ணு கொஞ்சம் இறுக்கமா ஒண்ணு கொஞ்சம் தளர்வா இருக்கும், நான் பாத்த லாரன்லயே அந்த வித்தியாசம் நல்லா தெரிஞ்சுது, தளர்வா இருக்கறத எடுங்க, கக்கத்துல அது தான் சுகமா உக்காரும்.