பாளையங்கோட்டையில் கற்றல் குறைபாட்டுப் பரிசோதனை: ஒரு மையம் பற்றி

படிப்பில் பின்தங்கும் பிள்ளையை இந்த மையத்துக்கு நம்பி அழைத்துப் போகலாம். முதலில் கண், காது பரிசோதனை அறிக்கை கேட்கிறார்கள். அதுதான் சரியான வரிசை. இல்லாவிட்டால் காது மந்தமான பிள்ளைக்குப் புத்தி மந்தம் என்று எழுதிவிடுவார்கள். தமிழ்வழிப் பிள்ளைக்கு வாசிப்பும் சொல்வதெழுதலும் தமிழிலேயே.

குறை, ஐ.க்யூ. அளக்க இன்னும் மாலின் என்பவர் உருவாக்கிய அளவுகோல்தான். 1969-இல் வந்தது, பழைய சராசரியோடு ஒப்பிடுவதால் ஐ.க்யூ. கூடுதலாக வர வாய்ப்புண்டு. எல்லைக்கோட்டில் இருக்கும் பிள்ளைக்குத்தான் இது சிக்கல். ஒற்றை எண்ணோடு அறிக்கை தந்தால் விடாதீர்கள், உட்சோதனை (சோதனையின் ஒவ்வொரு பகுதி) மதிப்பெண்களையும் கேளுங்கள்.

அறிக்கையில் கையெழுத்திடுபவருக்கு உளவியலில் முனைவர் பட்டம் மட்டும் போதாது (பலகையில் ‘டாக்டர்’ என்றுதான் இருக்கும்!), மருத்துவ உளவியலாளராக ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண் வேண்டும். சனிக்கிழமை கூட்டம். பிள்ளை களைத்தால் மதிப்பெண் இறங்கும், வாரநாள் காலையில் போங்கள்.