தரங்கம்பாடி நடை: தேவாலயத்தில் ஒரு மணி நேரம், கோயிலில் ஐந்து நிமிடம்

என் அப்பா பொறையாறில் கொத்தனார். பழைய சுவர் எதைக் கண்டாலும் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்ப்பார். காரை தூளாக உதிர்ந்தால் "மணல் அதிகம்" என்பார், உதிராவிட்டால் ஒன்றும் சொல்லாமல் அந்தச் சுவரைத் தட்டிக்கொடுப்பார். அந்தப் பார்வையோடுதான் தரங்கம்பாடியில் வழிகாட்டி ஒருவர் நடத்தும் அரைநாள் நடைக்குப் போனேன். ஆளுக்கு 400 ரூபாய். காலை ஏழு மணிக்கு நகர வாயிலில் தொடக்கம். நாங்கள் ஐந்து பேர்.

வழிகாட்டி உள்ளூர்ப் பிள்ளை. தெளிவான தமிழ், அவசரமில்லாத குரல். புது எருசலேம் தேவாலயத்தை அவர் காட்டிய விதத்துக்கே கொடுத்த பணம் தகும். முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் பெயர் முத்திரை, அதன்மேல் கிரீடம். அதைக் காட்டிவிட்டு, அரசரின் ஆதரவில் வந்த ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு 1706இல் இங்கே இறங்கியதையும், ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து தமிழ் கற்றதையும் கதையாகச் சொன்னார். உள்ளே போனதும் எங்களை நடுவில் நிற்கவைத்து நான்கு பக்கமும் திரும்பிப் பார்க்கச் சொன்னார். சிலுவையின் நான்கு கைகளும் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டன. 1717இல் அடிக்கல், 1718இல் பிரதிஷ்டை, அடுத்த ஆண்டே சீகன்பால்கு மறைவு, வயது 36. அவர் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அவரது கல்லறை. அதன்முன் வழிகாட்டி ஒரு நிமிடம் பேசாமல் நின்றது எனக்குப் பிடித்திருந்தது.

வெளியில் வெயில் ஏறியிருந்தது, உள்ளே குளிர்ச்சி. கனத்த செங்கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் செய்கிற வேலை அது. இதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் உடன் வந்தவர்களிடம், சுண்ணாம்பு மூச்சுவிடும், கடல் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது, இப்படிப்பட்ட சுவரில் சிமென்ட் பூசினால் உப்பு உள்ளிருந்தே அதைத் தின்னும் என்று சொன்னேன். இனி வரும் குழுக்களுக்கு வழிகாட்டியே இதைச் சொல்ல வேண்டும்.

சீயோன் தேவாலயம் 1701இல் டேனியர், அதாவது டென்மார்க்காரர், தங்களுக்கென்று எழுப்பியது. அங்கே பத்து நிமிடம், போதும்.

என் குறை கடற்கரையில்தான். மாசிலாமணிநாதர் கோயிலைத் தொலைவிலிருந்தே கைகாட்டி, "கடல் அரித்த பழைய கோயில்" என்று சொல்லிவிட்டு, ஐந்து நிமிடத்தில் எங்களை டேனிஷ் கோட்டைப் பக்கம் திருப்பிவிட்டார். எனக்கு மனம் கொதித்தது. கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கம். டேனியர் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்றது 1620இல். நடுவே முந்நூறு ஆண்டுக்கும் மேல். கோயில் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் சொல்கிறது. பாண்டியன் தன் பெயரையே பட்டினத்துக்குச் சூட்டியிருக்கிறான் என்றால் இந்தத் துறைமுகம் அன்றே எத்தனை வேண்டியதாக இருந்திருக்கும்! அந்தப் பெயரைச் சொல்லாமல் நடையை முடித்தால், டேனியர் வந்த பிறகுதான் ஊர் பிறந்தது என்று எண்ணிக்கொண்டு வெளியூர்க்காரர் வீடு திரும்புவார்.

நடை முடிந்ததும் இதை அவரிடமே சொன்னேன். "வெயில் ஏறிவிடுகிறது ஐயா, யாரும் மணலில் நிற்க விரும்புவதில்லை" என்றார். அப்படியானால் கோயிலிலிருந்தே தொடங்குங்கள் தம்பி, விடியற்காலை வெளிச்சம் கடலிலிருந்து நேராக அங்கேதான் விழுகிறது என்றேன். யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

அவர் போன பிறகு நான் தனியாகக் கோயிலுக்குத் திரும்பினேன். கடல் கொண்டது போக மிஞ்சியதைத் திருப்பணி செய்து வண்ணம் பூசியிருக்கிறார்கள். அலையைத் தடுக்கப் பாறைகள் கொட்டியிருக்கிறார்கள். புது வண்ணம் எனக்குக் கண்ணை உறுத்தியது, ஆனாலும் விளக்கு எரிகிற கோயில் இடிந்து கிடக்கும் கோயிலைவிட மேல். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். பத்து மணிக்கெல்லாம் மணல் சுடுகிறது.