பப்மெட் அலர்ட்டும் முழுக்கட்டுரையும்: சேலம் வார்டுகளில் நீண்டகாலப் பயன்பாடு காட்டுவது

மருத்துவக் கட்டுரைகளைத் தேடித்தரும் பப்மெட் தளம் இலவசம், நம் தேடலுக்குப் பொருந்தும் புதிய கட்டுரைகளை மெயிலில் அனுப்பும் வாராந்திர அலர்ட்டும் இலவசம். ஆனாலும் அலர்ட் போட்ட பி.ஜி. (முதுநிலை மருத்துவ) மாணவர்களில் பலர் சில மாதங்களில் அந்த மெயிலைத் திறப்பதையே விட்டுவிடுகிறார்கள். தேடல் வரியைச் சரியாக எழுதாமல் அலர்ட் பொத்தானை அழுத்துவதுதான் காரணம். அங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். வார்டில் எல்லோர் வாயிலும் 'ஏ.எஸ்.வி.' (பாம்பு நச்சுமுறி மருந்து) தான். அதே மூன்றெழுத்தை பப்மெட்டில் தட்டினால் தூக்க மூச்சுத்தடைக்கான அடாப்டிவ் செர்வோ வென்டிலேஷன் வரும். நுண்ணுயிரி ஆய்வுகளின் ஆம்ப்ளிகான் சீக்வென்ஸ் வேரியன்ட் வரும். நச்சுமுறி மருந்து அவற்றுக்கு நடுவே எங்கோ கிடக்கும். மெஷ் தலைப்புகள் (கட்டுரைகளுக்கு ஒட்டப்படும் நிலையான பொருள் தலைப்புகள்) 'ஆன்டிவெனின்ஸ்', 'ஸ்நேக் பைட்ஸ்'. இந்த இரண்டில் தொடங்கினால் பாதி குப்பை அப்போதே போய்விடும்.

மஞ்சள் அரளி இன்னும் சிக்கல். 'ஒலியாண்டர்' என்று மட்டும் போட்டால் செவ்வரளியும், அதாவது நீரியமும், சேர்ந்துகொள்ளும். 'யெல்லோ ஒலியாண்டர்', 'தெவெஷியா', 'கஸ்கபெலா' மூன்றையும் அடைப்புக்குறிக்குள் வைத்து, பெரிய எழுத்து 'ஆர்' போட்டு இணைக்க வேண்டும். தாவரவியல் பெயர் மாறியதால் பழைய கட்டுரைகள் ஒரு பெயரிலும் புதியவை இன்னொரு பெயரிலும் இருக்கின்றன. அடைப்புக்குறியை விட்டுவிட்டால் பப்மெட் இடமிருந்து வலமாகவே கணக்குப் போடும், விடை தலைகீழாகும்.

சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டாலும், கடைசியில் நட்சத்திரக் குறி போட்டாலும், பப்மெட் தானாக மெஷ் தலைப்பைத் தேடிச் சேர்க்கும் வசதி நின்றுவிடும். 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'ஹிஸ்டரி'க்குப் போய் 'டீடெயில்ஸ்' அம்புக்குறியை அழுத்தினால், நாம் எழுதியதை அது எப்படிப் புரிந்துகொண்டது என்று தெரியும். இதைப் பார்க்காமல் அலர்ட் போடக் கூடாது.

இன்னொரு பக்கம், மெஷ்ஷை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. புதிதாக ஏறும் கட்டுரைக்கு மெஷ் தலைப்பு ஒட்டும் வரை மெஷ் தேடலில் அது அகப்படாது. 'ஹியூமன்ஸ்', வயது போன்ற ஃபில்டர்களும் மெஷ்ஷை வைத்தே இயங்குகின்றன. அவற்றை டிக் செய்துவிட்டு 'புதுசா ஒண்ணுமே வரல' என்பதில் பொருளில்லை. அலர்ட்டுக்கென்றால் மெஷ்ஷையும் டைட்டில்-அப்ஸ்ட்ராக்ட் சொற்களையும் 'ஆர்' போட்டு இணைத்து, ஃபில்டர் இல்லாமல் விடுவதே நல்லது. முன்பு டிக் செய்த ஃபில்டர் அடுத்த தேடலிலும் ஒட்டிக்கொண்டிருக்கும், 'கிளியர் ஆல்' கொடுத்துவிட வேண்டும்.

இனி 'கிரியேட் அலர்ட்'. தினசரி வேண்டாம், குறுகிய தலைப்புக்கு மாதம் ஒருமுறை, அகன்ற தலைப்புக்கு வாரம் ஒருமுறை போதும். ஒரு மெயிலில் எத்தனை கட்டுரை என்ற இடத்தில் 5 என்று இருந்தால் கூட்டிவிடுங்கள், இல்லையேல் மீதி கண்ணில் படாது. புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் மெயில் அனுப்பச் சொல்லும் பெட்டியை டிக் செய்வது பலருக்கு வீண் வேலையாகத் தோன்றும். அந்த வெற்று மெயில் வந்தால்தான் அலர்ட் உயிரோடு இருக்கிறதா, ஸ்பாமில் விழுகிறதா என்று தெரியும். கல்லூரி மெயிலில் கணக்கு தொடங்கியவர்கள் படிப்பு முடியுமுன் சொந்த கூகுள் கணக்கையும் இணைத்துக்கொள்வது நல்லது.

அலர்ட் நாளைக்கு வருவதைத்தான் சொல்லும். நேற்று வந்து நம் கண்ணுக்குத் தப்பியதைச் சொல்லாது. மஞ்சள் அரளி நச்சுக்குத் திரும்பத் திரும்பக் கரித்தூள் கொடுப்பது பற்றி இலங்கையில் 401 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2003-ல் லான்செட்டில் வந்தது: இறப்பு 8 சதவீதத்திலிருந்து 2.5 ஆகக் குறைந்ததாக முடிவு. அதே இதழில் 2008-ல், அரளியோடு பூச்சிமருந்து நச்சும் சேர்த்து, அதே நாட்டில் 4,632 பேரிடம் நடந்த ஆய்வில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. முதல் கட்டுரையோடு நின்றவர் செமினாரில் அரைக் கதைதான் சொல்வார். கட்டுரைப் பக்கத்தின் கீழே 'சைட்டட் பை', 'சிமிலர் ஆர்ட்டிகிள்ஸ்' இரண்டும் இதற்காகவே இருக்கின்றன.

'பப்மெட்ல இருக்கு சார்' என்பதும் ஒரு சான்றிதழ் ஆகாது. பப்மெட்டுக்குள், தேர்ந்தெடுத்த இதழ்களின் தொகுப்பான மெட்லைன் ஒரு பகுதி மட்டும்தான். இதழ் மெட்லைனில் இருக்கிறதா என்று என்.எல்.எம். (அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம்) கேட்டலாக்கில் பார்த்துவிட்டு தீசிஸில் சேருங்கள்.

முழுக்கட்டுரைக்கு முதலில் இலவசக் கட்டுரைக் களஞ்சியமான பி.எம்.சி. (பப்மெட் சென்ட்ரல்), அடுத்து சட்டப்படியான இலவசப் பிரதியைக் காட்டும் பிரவுசர் நீட்சி அன்பேவால். இரண்டிலும் இல்லையென்றால் மத்திய அரசின் இதழ்ச் சந்தாத் திட்டமான ஒரே நாடு ஒரே சந்தா. 2025 முதல் 2027 வரை 6,000 கோடி ரூபாயில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், ஒருங்கிணைப்பு இன்ஃப்லிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலக இணைப்பு மையம். இப்போதைக்கு அரசு நிறுவனங்களுக்கு மட்டும். சேலத்துத் தனியார் கல்லூரி, செவிலியர் கல்லூரி மாணவர்களுக்கு இந்தக் கதவு இல்லை. அவர்கள் தங்கள் கல்லூரிச் சந்தாவைத்தான் பார்க்க வேண்டும். இது திட்டத்தின் பெரிய ஓட்டை என்றே சொல்லலாம்.

அரசுக் கல்லூரிக்காரர்களுக்கு வேறு இடைஞ்சல். சேலத்தில் கல்லூரி இரும்பாலை சாலையில், மருத்துவமனை ஊர் நடுவில். நோயாளி இருக்கும் இடத்தில்தான் கேள்வி பிறக்கும், ஆனால் வார்டில் மொபைல் டேட்டாவில் திறந்தால் பதிப்பகம் பணம் கேட்கும், ஏனெனில் அது பார்ப்பது கல்லூரியின் ஐ.பி. முகவரியை. நூலகரிடம் இன்ஃபெட் (இன்ஃப்லிப்நெட்டின் வெளியிட உள்நுழைவு வசதி) பயனர் கணக்கு கேட்டு வாங்குங்கள். பதிப்பகத் தளத்தில் நிறுவன உள்நுழைவைத் தேர்ந்து கல்லூரிப் பெயரைச் சொன்னால் வெளியிலிருந்தும் திறக்கும். எதுவும் சரிவராவிட்டால் தொடர்பு ஆசிரியருக்கு இரண்டு வரி மெயில், பெரும்பாலும் பி.டி.எஃப். வந்துவிடும்.

இறக்கியதை சோட்டெரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளில் போடுங்கள். இலவச இடம் 300 எம்.பி. மட்டுமே, அதனால் பி.டி.எஃப்.களைக் கணினியிலேயே வைத்து விவரங்களை மட்டும் சிங்க் செய்யலாம். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை நம் பட்டியலில் இருந்தால் சிவப்பில் எச்சரிக்கும், மருத்துவ இதழ்கள் கேட்கும் வான்கூவர் முறையில் மேற்கோள் குறிப்பும் தரும். ஏற்காட்டு மலைக்கிராமங்களுக்குப் பணிக்குப் போகிறவர்கள், சிக்னல் போய்விடும் கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்பே, ஸ்க்ரப் டைஃபஸ், பாம்புக்கடி வழிகாட்டிகளைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள்.