வயர்ஷார்க்கில் குறியா, குறிப்பா?

மட்டக்களப்பில் ஒரு கடைக் கணினி விசித்திரமாக நடந்துகொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். வலைப்பின்னலில் போய்வரும் தரவைப் பிடித்துக் காட்டும் மென்பொருளான வயர்ஷார்க்கில், பிடித்து வைத்த பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, புரட்டும்போது சந்தேகமானதைக் கொன்ட்ரோல்-எம் அழுத்திக் குறியிடுவது ஒரு நொடி வேலை. ஆனால் ஏன் குறித்தோம் என்று அது சொல்லாது. கோப்பை மூடினால் குறியும் போய்விடும். கரண்ட் போனாலும் அதே கதிதான்.

பாக்கெட்டோடு சேர்த்து எழுதும் குறிப்பு அப்படியில்லை. 'இங்கிருந்துதான் டிஎன்எஸ் கேள்விகள் பெருகுகின்றன' என்று (டிஎன்எஸ் என்பது இணையப் பெயருக்கு முகவரி தேடித் தரும் சேவை) எழுதிச் சேமித்தால், பாக்கெட்டுகளைச் சேமிக்கும் புதிய வடிவமான பிகேப்என்ஜி (pcapng) கோப்பிலேயே தங்கும். பழைய பிகேப் (pcap) வடிவத்தில் அதற்கு இடமில்லை. குறிப்புள்ளவற்றை மட்டும் பிறகு வடிகட்டியும் எடுக்கலாம். ஒரே சிக்கல்: சேமித்ததும் கோப்பின் ஹேஷ், அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண், மாறிவிடும். அப்புறம் அது கைபடாத சான்று அல்ல. அதனால் மூலக் கோப்பைத் தொடாமல் நகலில்தான் எழுதுவேன். முதல் புரட்டலுக்குக் குறியே போதும், சரி. அறிக்கை எழுத உட்காரும்போது குறிப்பில்லாமல் என்னால் முடியாது.