தரங்கம்பாடியில் ஏழு வருடம்: உப்புக்காற்றோடு குடித்தனம்

போன வாரம் ஏசி அவுட்டோர் யூனிட்டின் காயில் இரண்டாவது முறையாகப் போய்விட்டது. அன்று சாயங்காலமே கல்லூரித் தோழி போன் செய்தாள். "தரங்கம்பாடியில கடலோரமா ஒரு மனை பாத்தோம், சொன்ன விலையில நாலு லட்சம் இறக்கிட்டாங்க. வாங்கிடட்டுமாடி?" எரிச்சலில் இருந்ததால் சரியாகப் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். கோட்டை, சர்ச், கடற்கரை எல்லாம் எல்லோரும் படம் பிடித்துப் போட்டாயிற்று. நான் சொல்லப்போவது துருவைப் பற்றி.

எங்கள் வீடு கடலிலிருந்து முன்னூறு மீட்டர் இருக்கும். அலை தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். அலை உடையும்போது கிளம்பும் பொடித்துளிகள் காற்றோடு வந்து எல்லாவற்றின் மேலும் படிகின்றன. பகலில் தூசி மாதிரி கிடக்கிற அந்த உப்பு, ராத்திரி காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானாகவே நீர்த்துவிடும். அதாவது வீட்டில் உள்ள இரும்பெல்லாம் தினமும் இரவில் உப்புத் தண்ணீரில் ஊறுகிறது. ஒருமுறை ஜன்னல் திட்டில் ஊக்கு ஒன்றை வைத்து மறந்துவிட்டேன். நாலாம் நாள் எடுத்தால், ஊக்கு கிடந்த இடத்தில் அதே வடிவத்தில் பழுப்புக் கறை. தேய்த்துப் பார்த்தேன், இன்னும் போகவில்லை.

காயில் கதையும் இதுதான். உள்ளே செப்புக் குழாய், அதைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகள். நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் இரண்டு உலோகமும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செய்யும், அலுமினியம்தான் முதலில் கரையும். மெக்கானிக் தம்பி மூடியைக் கழற்றி ஒரு விரலால் லேசாகத் தடவினார். தகடு வெள்ளை மாவாகக் கொட்டியது. "கடலப் பாத்து மாட்டியிருக்கீங்களேக்கா, எப்படித் தாங்கும்?" என்றார். விற்ற கடைக்காரரும் வந்து மாட்டியவரும் இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். முகவரியைப் பார்த்தவர்கள்தானே! அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது யூனிட்டைக் கொல்லைப்பக்கம் மேற்குச் சுவருக்கு மாற்றிவிட்டோம். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன்.

அந்த நல்ல தண்ணீரும் சுலபமாகக் கிடைப்பதில்லை. மணலுக்கடியில் மழைத் தண்ணீர், கனம் குறைவு என்பதால் கடல் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும். எங்கள் பழைய கிணற்றில் மேலாக இறைத்தால் தண்ணீர் இனிக்கும். அவசரப்பட்டு ஆழமாக போர் போட்ட பக்கத்து வீட்டில் வாயில் வைக்க முடியாத உப்பு.

இன்னொரு விஷயம். கேட் கீல், தாழ்ப்பாள், கைப்பிடி எதுவானாலும் கடையில் "எஸ்.எஸ்." (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று சொல்லித் தருவது பெரும்பாலும் 304 ரகம். இங்கே அதிலும் பழுப்புப் புள்ளி விழும். மாலிப்டினம் கலந்த 316-ஐக் கேட்டு வாங்க வேண்டும். விலை கூடத்தான். நான் மூன்று கேட் கீல் மாற்றிய பிறகுதான் இதைக் கற்றுக்கொண்டேன்.

ஆனால் எனக்கு உண்மையில் கண் திறந்தது சன்ஷேட் விழுந்த அன்றுதான். எங்கள் வீட்டில் முன்கட்டு பழையது. செங்கல், சுண்ணாம்பு, தேக்கு உத்திரம், நாட்டு ஓடு. மாடி அறை மட்டும் முந்தைய உரிமையாளர் பிற்பாடு கான்கிரீட்டில் எழுப்பியது. போன ஐப்பசியில் அதன் சன்ஷேட்டிலிருந்து ஒரு முழ நீளத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி பொருக்குப் பொருக்காக ஊதியிருந்தது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், அதனால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். பார்க்க வந்த மேஸ்திரி முன்கட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல கம்பி இல்லம்மா. அதான் நிக்குது. கோட்டையும் அப்படித்தான்." 1620-ல் டேனிஷ்காரர்கள் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிக் கட்டிய கோட்டை. அதன் வாசலில் எத்தனையோ தடவை உட்கார்ந்து கடலை கொறித்திருக்கிறேன், இந்தக் கோணத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை. அதற்காக அந்தக் காலத்துக் கட்டடம் எல்லாம் கடலுக்குத் தப்பிவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1306-ல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலை கொண்டுபோய்விட்டது.

இப்படித் திட்டிக்கொண்டே இருக்கிற நான் ஏன் ஏழு வருடமாக இங்கே இருக்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். சித்திரை மதியம் மயிலாடுதுறையில் தலை வெடிக்கும். 30 கிலோமீட்டர் தள்ளி இங்கே இரண்டு மணிக்கு மேல் கொண்டல், அதாவது கடலிலிருந்து வரும் கிழக்குக் காற்று, ஏறும். முதலில் தென்னங்கீற்றில் ஒரு சலசலப்பு, அப்புறம் கூடத்துத் திரை மெதுவாக வயிறு உப்பும், அப்புறம் வீடு முழுக்கக் காற்று. அந்த நேரத்தில் ஏசியைத் தொடவே வேண்டாம். ஆனி, ஆடியில் கச்சான் என்ற மேற்குக் காற்று அடிக்கும் நாட்களில்தான் ஏசி இல்லாமல் முடியாது. என் காயிலைத் தின்கிற காற்றும் என்னைத் தூங்க வைக்கிற காற்றும் ஒன்றுதான், அதை நான் மறுக்கவில்லை.

அப்புறம் எதிர்வீட்டு அக்கா. கரைக்கு ஃபைபர் படகு வந்த அரை மணிக்குள் வாசலில் குரல் கேட்கும்: "தங்கச்சி, கிழங்கான் வந்திருக்கு, சட்டிய எடுத்தா!" ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது, மீன் விலை ஏறிவிடும். அப்போதும் எனக்கென்று ஒரு கைப்பிடி ஒதுக்கி வைப்பார். சுனாமி வந்த நாளான டிசம்பர் 26 அன்று மட்டும் அவர் வீட்டில் வலையை எடுக்க மாட்டார்கள். அன்று நானும் அவரிடம் எதுவும் பேசுவதில்லை, போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன்.

ரயில் கிடையாது. 1926-ல் வந்த மயிலாடுதுறைப் பாதையை 1986-ல் மூடிவிட்டார்கள். இருதய டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ்ஸோ காரோதான்.

சரி, தோழிக்கு என் பதில்: வாங்காதே. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை விதிகள் இருக்கின்றன. அதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பது தப்பு. பார்த்தாலும், காலி மனையில் நீ கட்டப்போவது கம்பி போட்ட கான்கிரீட் வீடுதானே? கடலைப் பார்த்த பால்கனி வேண்டும் என்றும் கேட்பாய். பதினைந்து வருடத்தில் என்னை மாதிரி நீயும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பாய். தை, மாசியில் வா. மாடி அறை உனக்குத்தான், எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. இந்த வியாழக்கிழமை மேஸ்திரி ஆட்களோடு வருகிறார், சன்ஷேட்டை முழுசாகத் தட்டி எடுத்துவிட்டு அங்கே ஓட்டுச் சாய்ப்பு இறக்கச் சொல்லியிருக்கிறேன். நீ வருவதற்குள் முடிந்துவிடும்.