பாண்டி பஜார் நடைபாதை: ஐந்துக்கு மூன்றரை

சென்னை தி.நகர் கடைவீதியான பாண்டி பஜாரின் இந்த அகல நடைபாதையை 2019 நவம்பரில் திறந்தபோது "எத்தனை நாளைக்கோ" என்று சிரித்தவன் நான். போன வாரம் முட்டிவலிக்கார அம்மாவைப் பனகல் பார்க் பக்கம் ஆட்டோவில் இறக்கி, தியாகராய சாலையில் மெதுவாக நடக்க வைத்தேன், ஹாரனுக்குப் பயந்து ஒதுங்கவே வேண்டியிருக்கவில்லை, நடுவில் இரண்டு தடவை பெஞ்சில் உட்கார்ந்து யாரோ வளையலுக்குப் பேரம் பேசுவதை அம்மா ஆசையாக வேடிக்கை பார்த்தார்.

கார்களுக்கான இடத்தைக் குறைத்துத்தான் நடைபாதையை அகலமாக்கினார்கள், அது சரியான முடிவு. கார் கொண்டுவந்தால் தணிகாசலம் சாலை அடுக்குமாடி பார்க்கிங்கில் போட்டுவிட்டு நடந்து வாருங்கள்.

குறை? தடுப்புத் தூண்களுக்கு நடுவே பைக்கை நுழைத்து, நடக்கிறவனையே முறைக்கிறார்கள். சைக்கிள்காரர்கள் பாவம், கார்களோடு முட்டிமோத வேண்டியதுதான். அப்புறம், ஆடுகிற கல் ஒன்றை மிதித்தேன், மழைத் தண்ணீர் பேன்ட்டெல்லாம் தெறித்தது.